"ரேகை விழலை, என்ன பண்றது?": கைரேகை, கருவிழி, முகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறுதோறும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வராந்தாவில் உட்கார்ந்து ரேஷன், பென்ஷன், ஆதார் படிவங்களை நிரப்பித் தருகிறேன். 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. அன்றிலிருந்து வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஒரே கவலைதான். ஒரே சந்தேகத்தை நூறு பேர் கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டதை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே கொடுத்திருக்கிறேன்.

விரலை வெச்சா மெஷின் எதைப் பாக்குது? என் ரேகை அந்தப் பெட்டிக்குள்ளயா இருக்கு?

கடையில் இருக்கும் இயந்திரத்துக்குள் உங்கள் ரேகை இல்லை. விரல் நுனியில் ஓடும் கோடுகள் சில இடங்களில் சட்டென்று முடியும், சில இடங்களில் வாய்க்கால் பிரிவது போல இரண்டாகப் பிரியும். அந்த முடிவுகளும் பிரிவுகளும் எங்கெங்கே இருக்கின்றன, எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன என்பதைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறது. அதை ஆதார் எண்ணோடு சேர்த்து, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி, ஆதார் தரவகத்துக்கு அனுப்புகிறது. நீங்கள் ஆதார் எடுத்த அன்று கொடுத்த பத்து விரல் ரேகைகளோடு அங்கே ஒப்பிடுகிறார்கள். 'ஆம்', 'இல்லை' என்று ஒரு பதில் திரும்பி வருகிறது.

இதில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதன்முதலாக ஆதார் எடுக்கும்போது, உங்கள் ரேகை ஏற்கெனவே வேறு பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று எல்லோருடைய ரேகையோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அது ஒருமுறை நடக்கும் பெரிய வேலை. ரேஷன் கடையில் நடப்பது சின்ன வேலை. "இந்த எண்ணுக்கு உரியவர் இவர்தானா?" என்று ஒருவரை ஒருவரோடு மட்டும் ஒப்பிடுவது. பின்னால் வரும் பல பதில்களுக்கு இந்த வித்தியாசம் தேவைப்படும்.

போன மாசம் விழுந்த ரேகை இந்த மாசம் ஏன் விழலை?

ஒருமுறை ஒரு அம்மா வந்தார். முப்பது வருடமாகச் சித்தாள் வேலை. இரண்டு மாதமாகக் கடையில் ரேகை பதியவில்லை என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தன. நகக்கண்ணில் சிமென்ட் வெள்ளை ஏறியிருந்தது. இடது கை மோதிர விரலில் மட்டும் கோடுகள் தெளிவாக இருந்தன. சாந்துச் சட்டியைப் பிடிக்கும்போது அந்த விரலில் அவ்வளவாக அழுத்தம் படாது என்று அவரே சொன்னார். கடைக்காரரிடம் அந்த விரலை வைக்கச் சொல்லி அனுப்பினேன். முதல் தடவையிலேயே விழுந்தது.

சிமென்ட்டில் இருக்கும் காரம் தோலை அரிக்கும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், பாத்திரம் துலக்குகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், பாக்கு உரிக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தத் தேய்மானம் உண்டு. வயதானவர்களுக்குத் தோல் வறண்டு தொய்ந்துவிடுவதால் கோடுகளின் மேடு பள்ளம் குறைகிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேப்பெசிடபின் மாத்திரையால் உள்ளங்கைத் தோல் உரிந்து ரேகையே மறைந்துபோனவர்களும் உண்டு. மார்கழிக் குளிரில் தோல் காய்ந்துபோவதாலும், சித்திரை வியர்வையாலும் அந்த நேரத்துக்கு மட்டும் விழாமல் போகலாம்.

ரேகை தாயின் வயிற்றிலேயே ஆறாவது மாதத்துக்குள் உருவாகிவிடுகிறது. அதன் வடிவம் தோலின் அடிப்பகுதியில் இருக்கிறது. மேல்தோல் மட்டும் தேய்ந்திருந்தால், கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் பழைய கோடுகள் அப்படியே முளைத்துவிடும். ஆழமான வெட்டோ தீக்காயமோ பட்டால் தழும்பு நிரந்தரமாக நின்றுவிடும்.

அப்போ என்ன பண்ணினா விழும்?

மேலே சொன்னதுதான் முதல் வழி: வேறு விரல். பத்து விரலும் பதிவில் இருக்கிறது, எதை வைத்தாலும் செல்லும். பெருவிரலையே பத்து தடவை வைத்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம்.

கையைக் கழுவித் துடைத்து, வறண்டிருந்தால் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள். நுனியை மட்டும் குத்தாமல் முதல் கணு வரை தட்டையாகப் படுக்க வையுங்கள். அழுத்தினால் கோடுகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிவிடும், மெதுவாக வைத்தால் போதும். இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். காலையிலிருந்து நூறு பேர் கைபட்ட கண்ணாடி அது.

பதிவு ரொம்பப் பழையதாக இருந்தால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2025 அக்டோபர் முதல் பெரியவர்களுக்கு இதற்குக் கட்டணம் 125 ரூபாய். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். புதுப்பிக்கப் போவதற்கு முன் ஒரு வாரமாவது கைக்கு ஓய்வு கொடுங்கள். தேய்ந்த ரேகையைப் புதிதாகப் பதிந்து பயனில்லை.

எதைச் செஞ்சும் விழலை. அப்போ அரிசி கிடையாதா?

கிடைக்க வேண்டும். ரேகை பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் வழக்கு நடந்தபோது, தகுதியுள்ள யாருக்கும் இதனால் சலுகை மறுக்கப்படாது என்று மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலும் உறுதி சொன்னார். அதே வழக்கில் ஆணையம் கொடுத்த கணக்குப்படி, அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி 88 சதவீதம். நூற்றில் பன்னிரண்டு முறை 'இல்லை' என்று வந்திருக்கிறது. இதை அறிந்த நாளிலிருந்து, கடையில் தலைகுனிந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்குவதில்லை. அந்தப் பன்னிரண்டில் ஒருவராக நிற்பதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

வழிகளை வரிசையாகக் கேளுங்கள். அட்டையில் பெயருள்ள வேறு யாராவது வந்து ரேகை வைக்கலாம். கருவிழிக் கருவி இருந்தால் கண்ணைக் காட்டலாம். ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு ஓடிபி வரவழைக்கலாம். நடக்க முடியாத முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும், தங்களுக்குப் பதிலாக இன்னார் வாங்குவார் என்று அங்கீகாரப் படிவம் எழுதிக் கொடுக்கலாம். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது, அதையும் விசாரியுங்கள். "பதியலை, அடுத்த மாசம் வாங்க" என்பதைப் பதிலாக ஏற்றுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

கருவிழி பாத்தா கண்ணு கெட்டுப்போகுமா? நான் கண் ஆபரேஷன் பண்ணினவ.

கெடாது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுக்கும் ஒரு புகைப்படம், அவ்வளவுதான். கண் பாப்பாவைச் சுற்றி இருக்கும் வண்ண வளையத்தின் இழைகளையும் பள்ளங்களையும் அது படிக்கிறது. நம் ஊரில் எல்லோருக்கும் கண் கறுப்பாகவே தெரிந்தாலும் அகச்சிவப்பில் அந்த இழைகள் நன்றாகத் தெரியும்.

கண்புரை அறுவையில் மாற்றுவது கருவிழிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸை. அதனால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வருவதில்லை. சொட்டு மருந்து விட்டுப் பாப்பா விரிந்திருக்கும் நாட்களில் மட்டும் முயற்சி செய்ய வேண்டாம். அறுவைக்குப் பிறகு தொடர்ந்து பொருந்தவில்லை என்றால் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை அகலத் திறந்து, அசையாமல் பாருங்கள். வாசல் வெயில் கண்ணில் அடிக்காத பக்கமாக உட்காருங்கள்.

சிமென்ட்டும் உப்பும் கருவிழியைத் தேய்க்காது. கைவேலை செய்கிறவர்கள் வாழும் ஊர்களில் முதலிலிருந்தே இதையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ரெட்டைப் பிள்ளைங்களுக்கு ஒரே ரேகையா இருக்குமா?

இருக்காது. உருவம் ஒன்றாக இருக்கும் இரட்டையருக்கும் ரேகை வேறு, கருவிழி வேறு. மரபணு மட்டுமே ரேகையைத் தீர்மானிப்பதில்லை, கருப்பையில் ஒவ்வொரு விரலும் பட்ட அழுத்தமும் சேர்ந்துதான் கோடு அமைகிறது. உங்கள் வலது கைக்கும் இடது கைக்குமே ரேகை வேறுதான். முகம் மட்டும் ஏமாற்றக்கூடும்.

குழந்தைக்கு ஆதார் எடுத்தாச்சு. அப்புறம் எதுக்கு மறுபடி கூப்பிடறாங்க?

5 வயதுக்குள் எடுத்த ஆதாரில் குழந்தையின் படம் மட்டும்தான் இருக்கும், ரேகையும் கருவிழியும் இருக்காது. 5 வயது முடிந்ததும் ஒருமுறை, 15 வயது முடிந்ததும் ஒருமுறை பதிய வேண்டும். மறந்துவிட்டால், உதவித்தொகைக்கோ தேர்வுக்கோ அவசரமாகத் தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

எங்க அண்ணனுக்கு மில் விபத்துல விரலே போயிடுச்சு. அவருக்கு ஆதாரே குடுக்க மாட்டாங்களா?

கொடுத்தே ஆக வேண்டும். விரல் இல்லாதவருக்குக் கருவிழி மட்டும், கண் பதிய முடியாதவருக்கு விரல் மட்டும், இரண்டும் முடியாதவருக்கு விதிவிலக்குப் பதிவு என்று வழி இருக்கிறது. 2023இல் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் விரல்கள் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் மறுக்கப்பட்ட செய்தி வெளியே வந்தது. ஆணையத்தின் குழு அவர் வீட்டுக்கே போய்ப் பதிந்து கொடுத்தது. ரேகை மங்கியவர்களுக்கும் இந்த விதி பொருந்தும் என்று எல்லா மையங்களுக்கும் அப்போது அறிவுறுத்தினார்கள். "சிஸ்டம் ஏத்துக்கலை" என்று யாராவது சொன்னால், "விதிவிலக்குப் பதிவு போடுங்க" என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1947 என்ற எண்ணைக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

தாத்தா படுத்த படுக்கையா இருக்கார். பென்ஷனுக்கு உயிர்ச்சான்று எப்படிக் குடுக்கறது?

முகத்தைக் காட்டிக் கொடுக்கலாம். ஜீவன் பிரமான் என்ற மின்னணு உயிர்ச்சான்று முறை 2014 நவம்பரில் வந்தது. அப்போது ரேகைக் கருவியோ கருவிழிக் கருவியோ வேண்டும். 2021 நவம்பர் முதல் சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியின் கேமராவே போதும். ஆதார் முகச் சரிபார்ப்புச் செயலி ஒன்று, ஜீவன் பிரமான் செயலி ஒன்று, இரண்டையும் இறக்கிக்கொண்டு பென்ஷன் ஆணை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் பக்கத்துத் தெருவில் ஒரு தாத்தாவுக்கு இதைச் செய்தேன். நாலு தடவை தோற்றது. படுக்கைக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் அடித்ததுதான் காரணம். கட்டிலைத் திருப்பாமல், பேத்தி ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டினாள். தாத்தாவைக் கண் சிமிட்டச் சொன்னோம். ஐந்தாவது தடவை பச்சை வட்டம் வந்தது. சிமிட்டச் சொல்வது காரணத்தோடுதான். காட்டுவது புகைப்படமா, உயிருள்ள முகமா என்று அதை வைத்துத்தான் பார்க்கிறது. வீட்டில் யாராலும் முடியாவிட்டால் தபால்காரரை வரவழைத்தும் செய்துகொள்ளலாம்.

ஃபோனை ரேகை வெச்சுத்தான் திறக்கறேன். அதுவும் ஆதாருக்குப் போயிடுதா?

போகாது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. கைபேசியில் பதிந்த ரேகை அந்தக் கைபேசிக்குள்ளேயே தனியாகப் பூட்டப்பட்ட ஒரு பகுதியில் இருக்கும். வங்கிச் செயலியை ரேகை வைத்துத் திறந்தாலும் கைபேசி "சரி, இவர்தான்" என்று செயலியிடம் சொல்லுமே தவிர, ரேகையைக் கொடுக்காது.

என் ரேகையைத் திருடி பேங்க்ல இருக்கற பணத்தை எடுத்துட முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருந்தால், ஊரில் இருக்கும் வங்கி முகவரின் சிறு கருவியில் ஆதார் எண்ணும் ரேகையும் கொடுத்துப் பணம் எடுக்கலாம். ஓடிபி வராது, பின் நம்பர் வேண்டாம். நூறு நாள் வேலைச் சம்பளம் வாங்கும் பாட்டிக்கு இது பெரிய வசதி. அதே வசதியில்தான் ஓட்டையும் இருக்கிறது.

2018இல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் ஒருவர் பிடிபட்டார். நிலப் பத்திரங்களில் இருந்த பெருவிரல் பதிவுகளை இணையத்திலிருந்து எடுத்து, ரப்பரில் அச்சு வார்த்து, அதை வைத்து சிம் கார்டுகளை இயக்கியிருக்கிறார். 2023இல் பெங்களூரில் பத்திரப் பதிவு செய்த பலருடைய கணக்கிலிருந்து பணம் போனது. ரப்பர் விரல் புது உத்தியும் இல்லை. 2002லேயே ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜெலட்டினில் விரல் செய்து கருவிகளை ஏமாற்றிக் காட்டினார்கள். இப்போது, வைக்கப்படுவது உயிருள்ள விரலா என்று ஆணையம் கூடுதலாகச் சோதிக்கிறது. தாக்குதல் குறையும், அடியோடு நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது, பயோமெட்ரிக் பூட்டு. ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ போட்டுவிட்டால், திறக்கும்வரை உங்கள் ரேகை, கருவிழி, முகம் எதுவும் எங்கும் செல்லாது. பணம் போய்விட்டால் உடனே 1930ஐக் கூப்பிட்டுப் புகார் செய்து, வங்கியிலும் எழுத்தில் கொடுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் போன பணத்தை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் முழுப் பொறுப்பும் வங்கிக்கு என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி.

பூட்டு போட்டுட்டேன். இப்போ ரேஷன்ல ரேகை விழ மாட்டேங்குதே?

பூட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். கடைக்குப் போகும் முன் செயலியில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தானாகவே பூட்டிக்கொள்ளும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்குப் பூட்டு போட்டுவிட்டு அவர்களிடம் சொல்லாமல் போய்விடுகிறார்கள். தேய்ந்த விரல் என்று நினைத்து மூன்று மாதம் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்திருக்கிறேன். கைபேசி பழகாதவர்களுக்குப் பூட்டு போடுவதென்றால், மாதாமாதம் யார் திறந்து கொடுப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஆபீஸ்ல, அபார்ட்மென்ட் கேட்ல எல்லாம் ரேகை கேக்கறாங்க. குடுத்துத்தான் ஆகணுமா?

தனியார் அலுவலகங்களில் இருக்கும் வருகைப் பதிவுக் கருவி பெரும்பாலும் ஆதாரோடு இணைந்தது அல்ல. அந்த நிறுவனமே உங்கள் ரேகையை எடுத்து, தானே வைத்துக்கொள்கிறது. எங்கே வைக்கிறது, வேலையை விட்டால் அழிக்கிறதா என்று கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. தனியார் நிறுவனம் ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்க வழிவிட்ட, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் நீக்கியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017லேயே சொல்லிவிட்டது.

கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் துறையிலிருந்து 56 லட்சம் பேரின் ரேகைகள் திருடுபோயின. அவர்கள் யாரும் விரலை மாற்றிக்கொள்ள முடியாது. ஒரு கேட்டைத் திறக்க அட்டை போதும் என்றால் அட்டையைக் கேளுங்கள்.

போலீஸ் நினைச்சா ஆதார்லேருந்து ரேகையை எடுத்துக்கலாமா?

குற்ற விசாரணைக்காக எடுக்க முடியாது. ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ரேகையையும் கருவிழியையும் யாருக்கும் எந்தக் காரணத்துக்காகவும் பகிரக் கூடாது என்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே, கோவா வழக்கு ஒன்றில் சிபிஐ ரேகைத் தகவலைக் கேட்டபோது, ஒப்புதல் இல்லாமல் தரக் கூடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. தேசப் பாதுகாப்புக்கு மட்டும் தனி விதிவிலக்கு இருக்கிறது, அதற்கு மத்திய அரசின் செயலாளர் நிலை அதிகாரியின் உத்தரவு வேண்டும்.

கைதானவர்களின் ரேகையையும் கருவிழியையும் காவல்துறை நேரடியாகப் பதிய 2022இல் வேறு சட்டம் வந்திருக்கிறது. அது தனிப் பதிவேடு, ஆதாரோடு சேராது.

மெஷின் தப்பே பண்ணாதா?

பண்ணும், இரண்டு விதமாக. உண்மையான ஆளை 'இல்லை' என்னும், அபூர்வமாக வேறு ஆளை 'ஆம்' என்னும். எத்தனை புள்ளிகள் பொருந்தினால் போதும் என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அளவை இறுக்கினால் திருடனும் நுழைய முடியாது, தேய்ந்த விரல்காரரும் நுழைய முடியாது. தளர்த்தினால் இருவரும் நுழையலாம். முதலில் சொன்ன ஒருவரை ஒருவரோடு ஒப்பிடும் வேலையில் தவறான 'ஆம்' மிகக் குறைவு. பெரிய தரவகத்தில் தேடும்போது ஆபத்து கூடுகிறது. 2004இல் ஸ்பெயினின் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகை, அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ உறுதியாகச் சொல்லி அவரை இரண்டு வாரம் அடைத்துவைத்தது. ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்த பிறகுதான் விட்டார்கள்.

ரேகை வெச்சேன், சர்க்கரை இல்லைன்னாங்க. ஆனா வாங்கினதா மெசேஜ் வருதே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அட்டைக்கு உரியவர் கடைக்கு வந்தார் என்பதை மட்டும்தான் ரேகை காட்டும். என்ன எடைபோட்டார்கள், எது பையில் விழுந்தது என்பது அதற்குத் தெரியாது. ஏமாற்ற நினைக்கிறவருக்கு உங்கள் ரேகையே ரசீதாகிவிடுகிறது.

அதனால் எல்லாப் பொருளும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிறகு விரலை வையுங்கள். திரையில் என்ன போடுகிறார் என்று பாருங்கள். குறுஞ்செய்தி வந்ததும் கடை வாசலிலேயே படித்துப் பாருங்கள், படிக்கத் தெரியாவிட்டால் வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் கொடுங்கள். வாங்காத பொருள் அதில் இருந்தால் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1967 அல்லது 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிட்டு, அட்டை எண், கடை எண், தேதி, எந்தப் பொருள், எத்தனை கிலோ என்று சொல்லுங்கள். ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினாலும் இதே எண்தான். தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள், என் கைபேசியிலிருந்தே பேசலாம்.